நாட்குறிப்பும் திருமுகமும்: நெய்தற் கரையின் சமயத் தன்னுரைகள்

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. அவற்றைப் பயில்வோர்க்கு, நெல் விளையும் நிலமேயன்றி உப்பு விளையும் அளமும் அக்காலத்தில் இறைவனுக்குரிய கொடைப்பொருளாயிருந்தமை புலனாகும். உப்பளத்தைக் குறிக்கப் ‘பேரளம்’ என்னும் சொல்லும் கல்வெட்டுகளில் வழங்கிற்று. கடல்நீரைப் பாத்தியிற் கட்டிக் கதிரவனிடம் ஒப்படைத்து வாரிய உப்பின் வருவாய், திருவிளக்குக்கும் பூசைக்கும் பயன்பட்டது. கொடுத்தவர் யார், எந்த அரசரின் எந்த ஆட்சியாண்டிற் கொடுத்தார், கொடுத்தது எவ்வளவு, எத்துணைக் காலம் அது நிற்கவேண்டும் என்பனவெல்லாம் இத்தகைய சாசனங்களில் ஐயத்திற்கிடமின்றி எழுதப்படும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்னும் முடிபும் தவறாது வரும்.

கூறப்படாதது ஒன்று உண்டு. அக்கொடையாளர் ஏன் கொடுத்தார்? நோயுற்ற மகவின் பொருட்டா, கடலிற் சென்று மீளாத உடன்பிறந்தானின் பொருட்டா, செய்த பிழை ஒன்று உள்ளத்தை உறுத்தியதனாலா, அன்றி ஊரார் செய்தனர் எனத் தாமும் செய்தனரா? கல் இதனைச் சொல்லாது. இதனைக் குறை என்று யாம் கூறவில்லை. கல்லெழுத்து ஊரறிய நிற்கும் ஆவணம். அதன் இயல்பு அதுவே.

இலக்கியத்தை நோக்கினும் நிலைமை பெரிதும் வேறுபடவில்லை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பாட்டில் உமணர் வண்டியோடு வருகின்றனர். உமட்டியர் ஈன்ற சிறாரோடு மந்தி முத்தை வைத்துக் கிலுகிலி ஆடுகின்றது. காட்சி மறக்கவொண்ணாதது. எனினும் நத்தத்தனார் உமணரைப் புறத்தே நின்று கண்டவர். அவ்வுமணர் இரவில் எத்தெய்வத்தை எண்ணி வண்டியின்கீழ்ப் படுத்தனர் என்பதைப் பாட்டு நமக்குச் சொல்லவில்லை.

இக்கரையில் ஒருவர் தம் நம்பிக்கையையும் அச்சத்தையும் ஐயத்தையும், நாளும் இடமும் தோன்ற, உரைநடையில் தாமே எழுதிவைத்த எழுத்துகளைக் காண வேண்டுமாயின் நாம் 18ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டும். மரக்காணத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் செல்லவும் வேண்டும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அதற்கும் தெற்கே கருங்குழியிலும் வடலூரிலும் இராமலிங்க வள்ளலாரின் திருமுகங்கள், மீண்டும் புதுச்சேரியில் பாரதியாரின் ‘சித்தக் கடல்’ ஆகிய மூன்றும் ஒரே கடற்புறத்தில், இரு நூற்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் எழுந்தவை. நம் இலக்கிய வரலாறுகள் இவற்றை மூன்று வேறு அறைகளில் அடைத்துவைத்துள்ளன. முதலாவது பிரெஞ்சு ஆங்கிலப் போர்களுக்குச் சான்று. இரண்டாவது சன்மார்க்கக் கொள்கைக்குச் சான்று. மூன்றாவது கவிஞரின் வாழ்க்கைக்குச் சான்று. இம்மூன்றும் சமயத் தன்னுரை என்னும் ஒரு வகையைச் சார்ந்தவை என்பதும், சான்றாகப் பயன்படுவதற்கு முன் எழுத்தாகப் படித்து நயம் காணத்தக்கவை என்பதுமே யாம் ஈண்டுக் காட்ட முற்படுவது.

தன்மைக் கூற்று தமிழுக்குப் புதிதன்று. தேவாரமும் திருவாசகமும் திவ்வியப் பிரபந்தமும் ‘நான்’ என்னும் குரலால் நிறைந்தவை. அங்ஙனமாயின் நாட்குறிப்பிலும் கடிதத்திலும் புதுமை யாது என ஒருவர் வினவலாம். பத்திப் பாடலின் ‘நான்’ பாடியவர்க்கு மட்டும் உரியதன்று. ஓதுவார் பாடுங்கால் அது ஓதுவாருடையதாகின்றது. கேட்கும் மூதாட்டி கண்ணீர் மல்குங்கால் அவளுடையதாகின்றது. எவரும் புகுந்து குடியிருக்கத்தக்க மனை அது. கடிதத்தின் ‘நான்’ அத்தகையதன்று. அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு முகவரி உண்டு, அன்றைய உடல்நிலை உண்டு. அதனுள் நாம் குடிபுக இயலாது. வாயிலில் நின்று கேட்கவே இயலும். வள்ளலார் இருவகையிலும் எழுதியவராதலின் இவ்வேறுபாடு அவரிடத்தே நன்கு விளங்கும். பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் தம் வாழ்க்கையையே பாடுகின்றார். ஆயினும் அது பாராயணத்திற்குரிய நூலாயிற்று. அவர்தம் திருமுகங்களை எவரும் பாராயணம் செய்வதில்லை.

முதலில் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரிற் பிறந்து, புதுச்சேரியில் வணிகராய் உயர்ந்து, பிரெஞ்சுக் கும்பனியின் தலைமைத் துபாசியாக விளங்கியவர் ஆனந்தரங்கர். 1736 செப்டம்பர் முதல் 1761 சனவரி வரை அவர் நாட்குறிப்பு எழுதினார். அவ்வேடுகள் 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரரால் வெளிக்கொணரப்பட்டன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904க்கும் 1928க்கும் இடையே பன்னிரு தொகுதிகளாக வந்தது. தமிழ் மூலம் புதுச்சேரியில் 1948 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. 2019இல் அகநி பதிப்பகம் பன்னிரு தொகுதிகளைத் தமிழில் வெளியிட்டது. நம் முதுகலை மாணாக்கர் பலர் இன்னும் ஆங்கிலத் தொகுதிகளிலிருந்தே மேற்கோள் எடுக்கின்றனர் என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றோம். தமிழில் எழுதிய ஒருவரின் மனத்தை அறிய ஆங்கிலத்தின் வழியே சுற்றிச் செல்வது, அளத்தின் நடுவே நின்றுகொண்டு உப்புக்குக் கடைத்தெரு செல்வது போன்றதாகும்.

பிள்ளையை ‘இந்தியாவின் பெப்பிசு’ எனப் பாராட்டும் வழக்கம் ஒன்று உண்டு. 1660 முதல் 1669 வரை இலண்டனில் நாட்குறிப்பெழுதிய சாமுவேல் பெப்பிசு தம் குற்றங்களைத் தாமே காட்டிக்கொடுக்கும் இயல்பினர். அதன்பொருட்டே சுருக்கெழுத்தில் மறைத்தெழுதினார். பிள்ளையிடம் அத்தகைய ஒப்புதல் வாக்குமூலத்தை எதிர்பார்ப்போர் ஏமாற்றமே அடைவர். அவர் உள்ளம் வேறு வாயில்வழித் திறக்கின்றது. நாள், கோள், சாதக பலன், சகுனம், கண்ட கனவு ஆகியன பற்றி அவர் எழுதுமிடங்களைக் காண்க. ஆளுநர் சினந்த நாளில் அவர் கிரகத்தை நோக்குகின்றார். தமக்குப் பெருமை வந்த நாளிலும் கிரகத்தையே நோக்குகின்றார். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கி, அப்பக்கங்களைப் புரட்டிவிட்டுத் துய்ப்ளெக்சின் சூழ்ச்சியைத் தேடும் ஆராய்ச்சியாளர், அம்மனிதரின் சமயத்தையே புரட்டிவிடுகின்றார். மாற்றான் ஒருவனின் ஆட்சியில், நாளைய நிலை இன்று தெரியாத பதவியில் இருந்தவருக்கு, கோள்களின் கணக்கு ஒன்றே எவர் கையும் புகாத கணக்காயிருந்தது.

அவருடைய நம்பிக்கை கடுஞ்சோதனைக்குள்ளான இடம் வேதபுரீசுவரர் கோயிலின் அழிவாகும். அக்கோயில் சேசு சபையினரின் மாதா கோயிலையடுத்து இருந்தது. பூசல் நெடுநாளையது. 1746இல் கோயிலுக்குள் அசுத்தம் வீசப்பட்ட செய்தியைப் பிள்ளை எழுதியுள்ளார். அவ்வாண்டிலேயே கிறித்தவரான கனகராய முதலியார் மறைய, தலைமைத் துபாசிப் பதவி யாருக்கு என்னும் வினா எழுந்தது. கிறித்தவர் அல்லாதார் ஒருவர் அப்பதவிக்கு வருதலைப் பாதிரிமார் விரும்பவில்லை. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாசுகாவன் புதுச்சேரியை முற்றுகையிட்டார். அம்முற்றுகையின் நடுவே, விபவ ஆண்டு ஆவணித் திங்களில், செப்டம்பர் முதற் பகுதியில், கோயில் இடிக்கப்பட்டது.

பிள்ளை அப்போது துய்ப்ளெக்சின் வலக்கை போன்றவர். இடிக்க ஆணையிட்ட ஆட்சியும் அவர் பணிபுரிந்த ஆட்சியும் ஒன்றே. இந்நிலையில் ஒருவர் அன்றிரவு ஏட்டைத் திறந்து என்ன எழுதுவார்? உற்சவ மூர்த்திகளை எடுத்துச் செல்ல வழி தேடப்பட்டதும், மகாநாட்டார் தம்மிடம் வந்ததும், தாம் அவர்களிடம் பேசியதும், மூலத்தானத்திற்கு நேர்ந்த அவமதிப்பும் அவ்வேட்டில் வரிசையாக வருகின்றன. உடன்பாடின்றி, உறுதியின்றி இருந்த மகாநாட்டாரின்மீது சினம் வெளிப்படுகின்றது. பின்னர்க் காலத்தின் செயல், தெய்வச் செயல் என்னும் ஆறுதல் வருகின்றது. ‘யான் என் செய்தேன்’ என்னும் வினா மட்டும் வெளிப்படையாக எழவில்லை.

இவ்விடத்தைப் படிப்போர் இருவகைத் தீர்ப்புக்கு விரைகின்றனர். ஒரு சாரார் பிள்ளையைக் கோழை என்பர். மற்றொரு சாரார் கையறு நிலையினர் என்று இரங்குவர். எழுத்தின் நடையை உற்று நோக்கின் இரண்டும் போதா என்பது எம் கருத்து. பிள்ளையின் நாட்குறிப்பு பொதுவாகப் பேச்சு வழக்கில் ஓடுவது. துரை, கோன்சேல், கும்பனி முதலிய அயற்சொற்களும் வணிகக் கணக்கும் கலந்தது. அந்நாளிலும் அந்நடை மாறவில்லை. யார் வந்தார், யார் என்ன சொன்னார், எத்தனை நாழிகைக்கு எனக் கணக்குப்போலவே செல்கின்றது. ஆயின், அவ்வளவு நுணுக்கமாக எழுதவேண்டிய கட்டாயம் அவருக்கு எவராலும் நேரவில்லை. தம் ஆண்டைகளின் கைக்கு எட்டினால் தீங்கு விளைக்கத்தக்க செய்தி அது. தடுக்க இயலாத ஒருவர் பதிந்துவைத்தார். பிள்ளையின் வழிபாடு அன்று அந்தப் பதிவிலேயே நிகழ்ந்தது எனின் மிகையாகாது. கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. பழைய கோயிலின் இறுதி நாட்களை இன்று நாம் அறிவது பெரிதும் அவ்வேட்டாலேயே.

மரக்காணத்திற்கு வடக்கே கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் துய்ப்ளெக்சின் வசமாகி, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. அடுத்த சனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. அந்நாட்களிலேயே பிள்ளையின் வாழ்வும் நாட்குறிப்பும் முடிந்தன. நாட்குறிப்பெழுதும் வழக்கம் அவரோடு ஒழியவில்லை. இரண்டாம் வீராநாயக்கரின் குறிப்பு 1778 முதல் 1792 வரை உள்ளது. ஆயினும் சமய உள்ளத்தைப் பொறுத்தவரை அடுத்து நாம் நிற்கவேண்டிய இடம் அதுவன்று. ஒரு நூற்றாண்டு கடந்து, வள்ளலாரின் திருமுகங்களிடத்தேயாம்.

வள்ளலார் 1858இல் சென்னை வாழ்வை நீத்துத் தில்லைப் பக்கம் வந்தார். கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் 1867வரை தங்கினார். அவ்வாண்டு மே 23ஆம் நாள் வடலூரில் தருமச்சாலை தொடங்கிற்று. இக்கருங்குழிக் காலத்தில் சென்னை அன்பராகிய இறுக்கம் இரத்தின முதலியாருக்கும் புதுவை வேலு முதலியார் முதலிய பிறருக்கும் அவர் எழுதிய திருமுகங்கள் ஆ. பாலகிருஷ்ண பிள்ளையின் பதிப்பில் இடம்பெற்று நிலைபேறெய்தின. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரு புத்தகங்களாக அருட்பாவைப் பதிப்பித்தவர். கடிதங்களையும் பாடல்களைப் போலவே போற்றிப் பதிப்பித்த அவ்வுள்ளத்திற்குத் தமிழுலகம் கடப்பாடுடையது.

இத்திருமுகங்களைக் கையிலெடுக்கும் மாணாக்கர் முதலில் இடர்ப்படுவது தொடக்க வாசகத்தாலேயே. அன்பு, அறிவு, ஒழுக்கம் முதலியவற்றால் சிறந்து விளங்குபவரே என்னும் பொருள்பட, பெறுநரைச் சிறப்பிக்கும் அடைமொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்று நெடுந்தொடராய்ச் செல்லும். அக்காலக் கடித மரபு இது என்று கூறி மேற்செல்வோர் பலர். மரபுதான்; ஐயமில்லை. ஆயின், அவ்வடைமொழித் தொடர் முடிந்தவுடன் நடை எவ்வாறு இறங்குகின்றது என்பதை நோக்கவேண்டும். பல்லக்கிலிருந்து இறங்கித் திண்ணையில் அமர்பவர்போல, எளிய சொற்களில் நலம் உசாவுதல், உடம்பைப் பேணுமாறு அறிவுறுத்தல், குடும்பக் கவலைக்கு ஆறுதல் கூறல் ஆகியவை தொடர்கின்றன. இறையருளைப் பற்றிய வாசகமும் உடல்நலத்தைப் பற்றிய வாசகமும் இடையீடின்றி அடுத்தடுத்து நிற்கின்றன. கொள்கை நூலில் இவை இரு இயல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பசித்தவர்க்கு உணவிடுதலே வீட்டின் திறவுகோல் எனப் பின்னர்ச் சீவகாருணிய ஒழுக்கம் நிலைநாட்டிய கருத்து, நண்பரின் உடம்பைப் பற்றிக் கவலைப்படும் இக்கடிதங்களில் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதை யாம் காண்கின்றோம்.

இரண்டு திருமுகங்கள் தனித்து ஆராயத்தக்கவை. வள்ளலாரின் பாடல்களைத் தொகுத்து அச்சிடவேண்டும் என்பது இரத்தின முதலியாரின் நெடுநாள் வேட்கை. வள்ளலார் இசையவில்லை. பாடல்கள் வந்துசேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பேன் என முதலியார் உறுதி பூண்டார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் வள்ளலார் எழுதிய மறுமொழி, அவ்வுறுதியை அறிந்து கலங்கிய ஒருவரின் எழுத்து. நண்பர் ஒருவேளை உணவோடிருக்கின்றார் என்னும் செய்தி, பாடல்களை வெளியிடலாகாது என்னும் தம் எண்ணத்தைவிட அவருக்குப் பெரிதாயிற்று. முதலியார் பழையபடி உண்ணவேண்டும் என வேண்டிக்கொண்டு, பாடல்களை அனுப்ப இசைகின்றார். திருவருட்பா அச்சேறிய வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு சுவையான நிகழ்ச்சியாகக் கூறிச் செல்வர். எமக்கோ இது அதனினும் ஆழ்ந்ததாகத் தோன்றுகின்றது. தமிழின் பெருநூல்களுள் ஒன்று வெளிவந்ததற்கு, நூலாசிரியரின் புகழ் விருப்பமோ சமயம் பரப்பும் நோக்கமோ காரணமன்று. ஒரு மனிதர் பசித்திருக்கின்றார் என்பதே காரணம். இதனைச் சொல்லும் ஆவணம் அக்கடிதம்.

மற்றொன்று பெயர் பற்றியது. நூலில் தம்மை ‘இராமலிங்கசாமி’ என வழங்குதல் தமக்கு உடன்பாடன்று என்றும், அப்பெயர் ஆரவாரத்திற்கு உரியதாகத் தோன்றுகின்றது என்றும் அவர் எழுதினார். இதனை அடக்கம் என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் எளிது. ஆனால், அடக்கமுடையார் பலர் மேடையிலும் முகவுரையிலும் அடக்கத்தை மொழிவதுண்டு. அது பிறர் கேட்பதற்கு உரியது. இங்கோ ஒரு நண்பருக்குத் தனித்து எழுதிய தாளில், இன்னது எனக்கு வேண்டா என ஒருவர் வேண்டுகின்றார். அவ்வேண்டுகோள் எங்ஙனம் நிறைவேறிற்று என்பதும் வியப்பூட்டுவது. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலியோரின் முயற்சியால் முதல் நான்கு திருமுறைகள் அச்சில் வந்தபோது ‘சாமி’ நீங்கிற்று; ‘திருவருட்பிரகாச வள்ளலார் என்னும் சிதம்பரம் இராமலிங்க பிள்ளை’ என நூன்முகப்பில் அமைந்தது. சிறிய ஆரவாரத்தை நீக்கப் பெரிய ஆரவாரம் புகுந்தது! வள்ளலார் அத்தொடரையும் ‘வள்ளல் யார்’ என்னும் வினாவாகப் பிரித்துப் பொருள்கொண்டு அமைந்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அதன் உண்மை எவ்வாறாயினும், அன்பர் விருப்பிற்கும் அவர்தம் விருப்பிற்கும் இடையே நிலவிய இழுபறிக்குத் திருமுகமே நேர்ச்சான்று. பின்னர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எழுப்பிய எதிர்ப்பும், 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்ற வழக்கும், ‘அருட்பா’ என்னும் பெயர் பொருந்துமா என்பதையே சுற்றி நின்றன. அப்பூசலில் இருதரப்பாரும் எழுதிய கண்டன நூல்களைப் படித்து ஆய்ந்தோர் பலர். அப்பூசலுக்குமுன் எழுதப்பட்ட அவ்வொரு கடிதத்தை எடைபோட்டோர் சிலரே.

ஈண்டு ஓர் அறவினா எழுகின்றது. அச்சுக்கென எழுதப்படாத ஒன்றை நாம் படிக்கலாமா? நூற்பெயரில் ‘சாமி’ வருதலையே விரும்பாத ஒருவரின் தனிக்கடிதங்கள் இன்று எல்லா நூலகத்திலும் உள்ளன. யாம் வகுப்பிற் பாடம் சொல்லுங்கால் இவ்வினாவை மாணாக்கர் எழுப்பியதுண்டு. உடனே விடை கூற இயன்றதில்லை. இப்போது ஒன்று கூறலாம். கடிதம் எழுதியவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. பெற்றவர் அதனைப் பேணினாலன்றி அது இல்லை. இரத்தின முதலியார் அத்தாள்களைக் கிழித்தெறியாது போற்றினார். அவர் வீட்டுப் பெட்டியில் அவை இருந்த காலமும் அவ்வெழுத்தின் வரலாற்றுள் ஒரு பகுதியாகும். பேணியவரின் அன்பை நினைந்து படிக்கும் படிப்பு வேறு. எழுதியவரின் மறைவான குற்றம் ஏதேனும் அகப்படுமா எனத் துருவும் படிப்பு வேறு. முன்னதற்கு உரிமை உண்டு என்பது எம் துணிபு.

மேல்நாட்டில் அகஸ்தின் அடிகள் 400ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ‘ஒப்புதல்கள்’ இவ்வகைக்குத் தலைநூலாகக் கூறப்படும். அது இறைவனை முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டதாயினும், மாந்தர் படிக்கவேண்டும் என்னும் கருத்தோடு எழுதப்பட்டது. பிள்ளையும் வள்ளலாரும் அவ்வாறு செய்திலர். இறைவனை முன்னிலையாக்கி உரைநடையில் எழுதிய தன்னுரைக்கு இக்கரையில் எடுத்துக்காட்டு வேண்டின் பாரதியாரிடமே செல்லவேண்டும்.

1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தார். ‘சித்தக் கடல்’ அப்புதுவை வாழ்வின்போது நாட்குறிப்புப் போன்ற அமைப்பில் எழுதப்பட்ட சிறிய உரைநடை. பராசக்தியோடு அவர் உரையாடுகின்றார், வேண்டுகின்றார், சில இடங்களில் வழக்காடுகின்றார். பிள்ளையின் ஏடு தெய்வத்தைப் படர்க்கையில் வைத்தது. வள்ளலாரின் கடிதம் நண்பரை முன்னிலையில் வைத்து இறைவனை இருவர்க்கும் நடுவே நிறுத்தியது. பாரதியாரின் குறிப்பில் தெய்வமே முன்னிலை. இவ்வளர்ச்சி ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டதன்று. பாரதியார் பிள்ளையின் ஏட்டைப் படித்து அவ்வழிச் சென்றார் என யாம் கூறவில்லை. ஆயினும், கவிதையில் கம்பீரமாக ஒலிக்கும் அக்குரல் இவ்வுரைநடையில் தளர்ந்தும் தடுமாறியும் ஒலிப்பதைக் கேட்டோர், கவிதையை மீண்டும் படிக்குங்கால் அதன் கம்பீரத்திற்கு அவர் கொடுத்த விலையை உணர்வர். இதனைப் பாடல்களுக்குப் பிற்சேர்க்கையாகக் கருதுவோர் இப்பயனை இழக்கின்றனர்.

அக்குறிப்பில் ஓரிடம் உண்டு. கடன்காரர் ஓயாது தொல்லை தர, அரிசிக்கும் உப்புக்கும் வழி தேடிக்கொண்டிருக்குங்கால் உன்னைப் பாடுவது எங்ஙனம் என்னும் கருத்தில் அன்னையிடம் முறையிடுகின்றார். மரக்காணத்து அளங்களில் உப்பு குவிந்துகிடந்த கரையில், சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஒரு வீட்டில், உப்புக்குக் கவலைப்பட்டு ஒருவர் இறைவியிடம் வழக்குரைத்திருக்கின்றார். பூமீசுவரர் கோயிற் சுவரில் அளம் கொடுத்தவரின் பெயர் உள்ளது, காரணம் இல்லை. பாரதியாரின் தாளில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. காரணம் மட்டும் உள்ளது.